செம்பக மரத்துல போட்ட 'வ'

ஏனுங்க அம்மிணி, இந்த பஸ்ஸு பெரியாஸ்பத்திரி வாசல்ல நிக்குமுங்களா, இல்லை பஸ் ஸ்டாண்டுல எறங்கி வேற வண்டி புடிக்கோணுமுங்களா? நிக்குமா? செரி. சித்த நவுந்து உக்காருங்க. வேண்டாம் வேண்டாம், சன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு எதுத்த காத்து ஆவாது.

ஆருக்கு முடியலைன்னு கேக்கறீங்களா? எங்கூட்டுக்காரருக்குத்தானுங்க. காச்சலெல்லாம் இல்லை. கையில வெட்டு. எடக்கையில ரண்டு வெரலு போயிருச்சு. மூணாவது வெரலு தோல்ல தொங்கிட்டு நின்னுது, அதை மட்டும் டாக்டருங்க ஒட்ட வெச்சிருக்கறாங்களாமா. ஆரு வெட்டினதுங்களா? நாந்தானுங்க.

அட, பயப்படாதீங்க. எனக்குக் கோவமே வராதுங்க. எங்கூருல ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, இந்த ஊத்துப்பாளையத்தா வாயத் தொறந்து ஒரு கெட்ட வார்த்தை பேசி ஆரும் கேட்டிருக்க மாட்டாங்க. கையி கொஞ்சம் நீளும், அது வேற. எங்க நாத்தனா ஒருத்தி. நான் வாக்கப்பட்டு வந்து மூணாவது வருசம், நோம்பிக்கு வந்து உக்காந்து மூணு தரம் ரசம் வாங்கிக் குடிச்சுப்போட்டு, "என்ன இருந்தாலும் வடிவு வெச்ச ரசத்துல பாதி வரலை"ன்னா. நான் ஒரு வார்த்தை பேசலீங்க. கையில இருந்த கரண்டியால வாயி மேல ஒண்ணு வெச்சேன். முன்னம்பல்லு ஒண்ணு ரசத்துலயே உளுந்துருச்சு. அதுல இருந்து பதினாறு வருசமா அவ எங்கூட்டுல கை நனைக்கறதில்லை. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்.

வடிவு ஆருன்னு சொல்லலையே நானு. எங்கூட்டுக்காரருக்கு மூத்த தாரம். அவருக்குச் சொந்தத் தாய்மாமன் புள்ளை, அதே ஊரு, அடுத்த வீதி. கட்டி ஏழு வருசம் இருந்து, காமாலை வந்து செத்துப்போனா. புள்ளைகுட்டி இல்லை. எனக்கும் இல்லை, அது கெடக்குது. அவ செத்த ரண்டாம் வருசம் என்னையக் கொண்டாந்தாங்க. செவ்வாய் தோசம்னு முப்பத்தொரு வயசு வரைக்கும் எங்கப்பன் ஊட்டுல உக்காந்திருந்தவ. ஞாயித்துக்கெளமை பொண்ணுப் பாக்க வந்தாங்க, புதங்கெளமை கோயல்ல வெச்சுத் தாலி. நடுவுல ரண்டே ரண்டு நாளு. என்ற சீலை துணிகூடத் துவைச்சுக் காயலீங்க, ஈரத்தோட மடிச்சு வெச்சுக்கிட்டு வந்து எறங்கினேன்.

எங்க பக்கம் வெளியூருப் பொம்பளைகளைப் பொறந்த ஊரு சொல்லித்தான் கூப்புடறது. உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு வீதியில கொடுமுடியா இருப்பா, குண்டடத்தா இருப்பா, நான் ஊத்துப்பாளையத்தா. பேரு எதுக்குன்னு வெச்சாங்களோ, கண்ணாலப் பத்திரிகைக்கு மட்டும்தான். எனக்கு அந்தப் பத்திரிகையும் அடிக்கலை. ஆனா வடிவு உள்ளூருக்காரி பாருங்க. அவளுக்கு மட்டும் பேரு இருந்துச்சு. செத்தும் இருந்துச்சு. வடிவு வெச்ச ரசம், வடிவு போட்ட கோலம், வடிவு கட்டின தொட்டி, வடிவு நட்ட செம்பகம். பத்தொம்பது வருசமா அந்தூட்டுல பொழங்கறது நானு, பேரு பூரா அவளுது. என்னைய எங்கூட்டுக்காரரு எப்படிக் கூப்புடுவாருங்கறீங்க? "இந்தா புள்ள." அவ்வளவுதான். எருமைக்குக்கூட ஒரு பேரு வெச்சிருந்தாரு, ராசாத்தின்னு.

மத்ததெல்லாம்கூடப் போச்சுன்னு உட்டுட்டனுங்க. தொட்டியச் சம்மட்டி போட்டு ஒடச்சுப்போட்டு வேற கட்டினேன். அவ கட்டின சீலையெல்லாம் கரித்துணியாப் போச்சு. இந்தச் செம்பகம்தான் போகலை. அடுப்படிச் சொவுத்தை ஒட்டினாப்புல நிக்குது. பின்னால வேம்பு, அக்கட்ட குளிக்கற பொடக்காணிச் சொவுரு, நடுவுல மாட்டிக்கிட்டு வெயிலைத் தேடி ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கும். அப்படி நின்னும் பூக்கும் பாருங்க. ஆடி ஆவணியில பூத்துதுன்னா அந்த வாசம் சோத்துல, கொழம்புல, தலைகாணியில, எல்லாத்துலயும் ஏறிக்கும். அவரு வெடியால எந்திரிச்சு, பல்லு வெளக்கறதுக்கு முன்னால ஒரு பூவைப் பொறுக்கிக்கிட்டு முன்கூடத்து ஆசாரத்துல மாட்டியிருக்கற அவ படத்துமேல வெப்பாரு. வெச்சுப்போட்டுப் பால் கறக்கப் போயிருவாரு. நான் அந்தப் பூவை எடுத்து அடுப்புல போடுவேன். அவரு பாப்பாரு. மறுநாளு இன்னொரு பூ வெப்பாரு. பத்தொம்பது வருசம்.

அந்த மரத்தைக் கொல்லறதுக்கு நான் பண்ணாததே இல்லீங்க. கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியக் கொண்டுபோயி வேருல ஊத்தினேன். கக்கூசு கழுவற ஆசிட்டு ஊத்தினேன். தண்டுல ஆணியடிச்சு ஓட்டை போட்டு, கட்டிப் பெருங்காயத்தைப் பொடி பண்ணி உள்ள திணிச்சு மண்ணு பூசி வெச்சேன், அப்படி வெச்சா எப்பேர்ப்பட்ட மரமும் பட்டுப்போகும்னாங்க. அந்த வருசம்தான் அது ரண்டு மடங்கு பூத்துச்சு. ஒரு நாளு பொறுக்க முடியாமச் சீமாத்தை எடுத்து அடிச்சுப்போட்டேன். சீமாறு ரண்டாப் போற வரைக்கும் அடிச்சேன். பக்கத்தூட்டுக்காரி மதலு மேல எட்டிப் பாத்துட்டு, "ஊத்துப்பாளையத்தாளுக்கு வடிவு எறங்கிட்டா"ன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. பாருங்க, நான் அடிச்சாக்கூட அது அவ பேருலதான்.

இதுல போன வருசம் அடுப்படிச் சொவுரு வெடிச்சுப்போச்சு. வேரு உள்ள பூந்து, மேலிருந்து கீழ வரைக்கும் கையி நொழையற அகலத்துக்கு வெடிப்பு. காரை காரையா உளுவுது, சோத்துப்போசியில உளுவுது. ஒரு நாளு அந்தச் சந்துல இருந்து தேளு வந்து என்ற பெருவெரல்ல கொட்டிப்போட்டுது. ரண்டு நாளு காலு மரத்துக் கெடந்தேன். அவரு காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, வேற என்ன வேலை அவருக்கு. மூணாம் நாளு எந்திரிச்சதும் நேராச் சொல்லிப்போட்டனுங்க. "ஒண்ணு இந்த மரம் இருக்கோணும், இல்லைன்னா நான் இருக்கோணும். வெட்டுங்க." வாயில கொழுக்கட்டை. அந்த வெடிப்பைக் கையி உட்டு உட்டுப் பாத்தாரு, மரத்தைப் பாத்தாரு, சொவுத்தைப் பாத்தாரு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு. என்ற பேச்சுக்கு அவ்வளவுதான் மருவாதி.

அடுத்த வாரம் ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கறாரு. குப்புராசுன்னு பேரு. பெரிய பெரிய மரத்தையெல்லாம் வேரோட எடுத்து வேற எடத்துல வெக்கறதுதான் அவன் பொழப்பாமா. ரோடு போடற எடம், மில்லு கட்டற எடமெல்லாம் அவனைத்தான் கூப்புடுவாங்களாமா. நான் வெட்டச் சொன்னா, இவரு எடம் மாத்தறாராமா!

குப்புராசு மரத்தைச் சுத்திச் சுத்தி வந்தான். தட்டிப் பாத்தான். "செம்பகம் ரொம்ப ரோசக்கார மரமுங்க. கூச்ச வேரு. திடீர்னு கை வெச்சா அதிர்ச்சியிலயே போயிரும். இப்பத்திக்கு எடுக்க முடியாது. ஆறு மாசமாவது ஆகோணும்"ன்னான்.

ஆறு மாசம் எதுக்குன்னு கேக்கறீங்களா? நானும் அதைத்தான் கேட்டேன். மொதல்ல ஒரு பாதி சுத்தி மட்டும் குழி வெட்டி வேரை அறுக்கோணுமாமா. அறுத்த எடத்துல மணலும் மக்கின எருவும் தேங்காநாருத் தூளும் போட்டு மூடோணுமாமா. மூணு மாசத்துல அதுல பொடி வேரு புதுசா உட்டுக்குமாமா. அப்பறம் மறு பாதி. அதுக்கு இன்னொரு மூணு மாசம். "மரத்துக்கிட்ட மொதல்லயே சொல்லி, அது மனசைத் தேத்திக்க நேரம் குடுக்கறாப்புலதானுங்க அக்கா"ங்கறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிப்பா அது, வயிறு எரியுது. என்னைய ரண்டே நாள்ல புடுங்கிக் கொண்டாந்தாங்களே, ஆரு எனக்கு மணலும் எருவும் போட்டாங்க? ஆரு எங்கிட்டச் சொன்னாங்க? அந்தக் குப்புராசு அன்னைக்கு எங்கப்பனூட்டு வழியா வந்திருக்கக் கூடாதா?

வேரு அறுத்த அன்னைக்கு மட்டும் நான் சந்தோசமா இருந்தனுங்க. பொய் சொல்லக் கூடாது. மொழங்கைத் தண்டி வேரு. கோடாலியக் குடுடான்னு வாங்கிச் சீலையத் தூக்கிச் செருவிக்கிட்டு எறங்கிட்டேன். நாலு வேரு நானே வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் பூரா ஆடுது, எல கொட்டுது தலை மேல. பச்சைத் தண்ணி தெறிக்குது மொகத்துல. எங்கூட்டுக்காரரு குழி மேட்டுல உக்காந்துக்கிட்டு, "பதமா புள்ள, பதமா"ங்கறாரு. என்னையப் பாத்து ஒரு நாளாவது பதமான்னு ஆருகிட்டயாவது சொல்லியிருப்பாருங்களா?

அப்பறம் ஆறு மாசம் அதுக்கு ஊட்டி வளக்கற மாதிரி வளத்தாரு. வெடியால நாலு கொடம், பொழுதோட நாலு கொடம். எனக்குத் தேளு கொட்டின காலு குளுந்த நாள்ல இன்னமும் விண்ணு விண்ணுங்குது, அதை ஆரும் கேக்கலை. கேட்டாருன்னு வெச்சுக்குங்களேன், தைலம் வாங்கியாந்து வெச்சாரு, ஆனா வாயத் தொறந்து கேக்கோணுமில்ல?

போன மாசம் ஜேசிபி வந்து மொகப்பு வாசல்ல குழி எடுத்துச்சு. அப்பத்தான் எனக்கே தெரியும் மரம் எங்க போவுதுன்னு. தெரு வாசல்ல! கேட்டைத் தொறந்ததும் மொதல்ல கண்ணுல படற எடம். கெழக்கு வெயிலு நேரா அடிக்குற எடம். நான் கோலம் போடற எடத்துக்கு நாலடி தள்ளி. நான் கஞ்சி வடிச்சுக்கிட்டு இருந்தவ, போசியோட போயிட்டேன். "அவளுக்கு மொகப்பு, எனக்கு அடுப்படியா?"ன்னு கேட்டேன். அவரு, "அங்க நல்லா வெயிலு படும் புள்ள, காத்து வரும், எடம் தாராளமா இருக்குது"ங்கறாரு. மரத்துக்குங்க! குப்புராசு நடுவுல வந்து, "அக்கா, நாஞ்சொல்றதைக் கேளுங்க"ன்னான். கஞ்சியை அவன் காலு மேலயே ஊத்திப்போட்டேன். தோலு வழண்டு போச்சு பாவம். எங்கூட்டுக்காரரு என்னைய அடிக்கலை, வையலை. அவன் காலுக்குத் தண்ணி ஊத்திக் கழுவி உட்டுப்போட்டு, காலி போசிய எடுத்துக்கிட்டுப் போயி அடுப்படியில வெச்சாரு. ஒரு அறை அறைஞ்சிருந்தாருன்னா எனக்கு மனசு ஆறியிருக்கும். அந்தாளுக்கு அதுகூடத் தெரியாது.

இப்பத்தான் முக்கியமானதே வருது, கேளுங்க.

போன திங்கக்கெளமை நான் சந்தைக்குப் போயிட்டு வர்றேன். மறுநாளு கிரேன் வருதுன்னு மரத்தைக் கழிச்சு வெச்சிருந்தாங்க. கொப்பெல்லாம் வெட்டி, வெட்டின வாயிலெல்லாம் சாணி அப்பி, அடியில வேரு மண்ணோட சேத்துச் சாக்குச் சுத்திச் சணல் கயிறு கட்டி, பொறந்த கொழந்தையச் சுத்தி வெச்ச மாதிரி. அந்தத் தண்டுல, எங்கூட்டுக்காரரு முட்டி ஒசரத்துல, செவப்புப் பெயிண்டுல ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள ஒரு எழுத்து. நானும் அஞ்சாவது வரைக்கும் படிச்சவதானுங்க. 'வ.'

பையைக் கீழ வெச்சேன். வெங்காயமெல்லாம் உருண்டு போச்சு. எங்கூட்டுக்காரரு பொடக்காணியில மண்ணெண்ணெய் போட்டுக் கையக் கழுவிக்கிட்டு இருக்கறாரு. கையெல்லாம் செவப்பு. "என்னங்க அது?"ன்னு கேட்டேன். "எது?"ங்கறாரு. "மரத்துல எழுதியிருக்கறது." "அதா? மறந்துறக் கூடாதுன்னு போட்டது புள்ள." அவ்வளவுதான் சொன்னாரு. மறந்துறக் கூடாதாமா! கழுவின கையத் துண்டுல தொடச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க. இத்தனை நாளும் ஊருதான் அவ பேரைச் சொல்லிட்டு இருந்துச்சு, அவரு வாயத் தொறந்ததில்லை. பூவை வெப்பாரு, பேசாமப் போயிருவாரு. இப்ப எழுதியே போட்டுட்டாரு. தெரு வாசல்ல கொண்டுபோயி நிறுத்தி, போறவன் வர்றவனெல்லாம் படிக்கட்டும்னு. நாளைக்கு நான் அந்த எழுத்து முன்னால குனிஞ்சு கோலம் போடோணும். அன்னைக்கு நான் சோறு திங்கலை. அவரு ரண்டு வாட்டி வந்து, "இந்தா புள்ள, சாப்புடு"ன்னாரு. வட்டலைத் தூக்கி அவ படத்து மேல எறிஞ்சேன். கண்ணாடி போச்சு. அவரு கூட்டி அள்ளிக் கொட்டினாரு.

செவ்வாய்க்கெளமை வெடியால கிரேன் வந்துச்சு. ஊரே வேடிக்கை பாக்க நின்னுது. அகலப் பெல்ட்டு ரண்டு போட்டு மரத்தைத் தூக்கறாங்க. மண்ணு பொடபொடன்னு உளுவுது. அடியில மிச்சமிருந்த வேரெல்லாம் பட்டு பட்டுன்னு அறுவுது, வெடி போட்ட மாதிரி சத்தம். அது மேல எந்திரிச்சு ஆடிக்கிட்டு வருது. ஆடி ஆடி, அந்த வட்டத்தை எம்பக்கமாத் திருப்பி நிக்குது. செவப்பா, மூஞ்சிக்கு நேரா.

அட்டாலிப் பரண்ல இருந்த கொடுவாளை எப்ப எடுத்தேன்னு எனக்குத் தெரியாது. மரம் தரைக்கு ஒரு சாண் மேல தொங்குது. நான் போயி அந்த எழுத்து மேல ஒண்ணு போட்டேன். பட்டை பேந்து பறந்துச்சு. இன்னொண்ணு போட்டேன். கிரேன்காரன் கத்தறான், பொம்பளைக கத்தறாங்க, எனக்கு ஒண்ணும் காதுல ஏறலை. 'வ' பாதி போச்சு, பாதி நிக்குது. மூணாவது ஓங்கறேன், எங்கூட்டுக்காரரு எங்க இருந்து ஓடியாந்தாரோ, மரத்தை அப்படியே கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. எடக்கை நேரா அந்த எழுத்து மேல. கட்டிப்புடிச்சுக்கிட்டாருங்க! ஊரு முன்னால! என்னையப் பத்தொம்பது வருசத்துல நாலு பேரு முன்னால ஒரு வாட்டி தொட்டிருப்பாருங்களா?

ஓங்கின கைய நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியலைன்னு எல்லாருகிட்டயும் சொல்றேன். உங்களை இனி எங்க பாக்கப்போறேன், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நிறுத்தியிருக்கலாமுங்க. நிறுத்தலை.

சத்தமே இல்லீங்க. முருங்கக்காய் நறுக்கற மாதிரி. ரண்டு வெரலு எங்காலுகிட்ட வந்து உளுந்துச்சு. ரத்தம் சாக்கு மேல ஊத்துது. அவரு கையப் பாக்கலை, என்னையப் பாக்கலை. கிரேன்காரன் பயந்துபோயி லீவரை உட்டுட்டான், மரம் தொம்முன்னு எறங்குது. இவரு, "மெல்ல எறக்குங்கப்பா, புள்ள காலு மேல போட்றாதீங்க"ன்னு சொல்லிப்போட்டு அப்படியே உக்காந்துட்டாரு.

அப்பத்தான் அந்தக் குப்புராசு தலையில அடிச்சுக்கிட்டுக் கத்தறான். "வடக்குங்க அக்கா! வ-ன்னா வடக்கு! மரம் எந்தப் பக்கம் வடக்குப் பாத்து நின்னுதோ, மறுபடி நடும்போதும் அதே பக்கம் வடக்குப் பாக்கோணும், இல்லைன்னா வெயிலு மாறிப் பட்டை வெந்துபோயிரும். அதுக்கு அடையாளம் போடறதுங்க அக்கா! எல்லா மரத்துக்கும் போடுவோம்க்கா! மறந்துறக் கூடாதுன்னு போடறது!"

வடக்காமா.

நான் கொடுவாளோட நிக்கறேன். அவன் நிறுத்தலை. "அந்தாளு எங்கிட்ட வந்து என்ன சொன்னாரு தெரியுமாக்கா? சொவுரு எந்நேரத்துக்கும் அவ மேல சாஞ்சுரும், பொழுதன்னைக்கும் அதுக்கடியிலதான் உக்காந்து சமைக்கறா, எப்பிடியாவது மரத்தை அங்கிருந்து எடுத்துக் குடுன்னு எங்கையப் புடிச்சுக்கிட்டாரு"ன்னான். எனக்கு இன்னும் கோவந்தான் வந்துச்சு. இதை எங்கிட்டச் சொன்னா என்னங்க? கூலிக்கு வந்த குப்புராசுகிட்டச் சொல்லத் தெரிஞ்சவருக்குக் கட்டினவகிட்டச் சொல்லத் தெரியாதா? ஊரு பூரா என்னையத்தான் குத்தம் சொல்லுது. அந்தாளு ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தது ஆருக்கும் குத்தமாத் தெரியலை.

அவரைக் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. நான் கொடுவாளோட நேராப் போலீஸ் ஸ்டேசனுக்கு நடந்தனுங்க. ஒண்ணரை மைலு. எதுக்க வந்தவங்கெல்லாம் வேலியோரம் ஒதுங்கி நின்னாங்க. ஸ்டேசன் மேசை மேல கொடுவாளை வெச்சு, "எம் புருசனை நாந்தான் வெட்டினேன், எழுதிக்கோங்க"ன்னேன். ஏட்டையா பயந்து எந்திரிச்சுட்டாரு. அப்பறம் உக்கார வெச்சு எல்லாத்தையும் கேட்டாரு. செம்பகத்துல இருந்து வடக்கு வரைக்கும் ஒண்ணு உடாம ஒப்பிச்சேன். கேட்டுப்போட்டுக் காயிதத்தை எடுத்தாரு.

"பேரென்னம்மா?"

"ஊத்துப்பாளையத்தா."

"ஊரைக் கேக்கலைம்மா. பேரு."

நம்ப மாட்டீங்க நீங்க. எனக்கு வரலீங்க. ரேசன் கார்டுல இருக்குது, ஓட்டு அட்டையில இருக்குது, வருசத்துக்கு ஒருக்கா அவங்க படிக்கறாங்க, நான் தலையாட்டறேன். நானா வாயத் தொறந்து சொல்லி எத்தனை வருசமாச்சு. நாக்கு நுனியில நிக்குது, வெளிய வர மாட்டேங்குது. கண்ணை மூடிக்கிட்டேன். எங்கம்மா சாவறதுக்கு முன்னால வாசல்ல நின்னு வெளக்கு வெக்கக் கூப்புடுவா. அதைக் காதுல வரவழைச்சுப் பாத்துத்தான் சொன்னேன்.

"வள்ளியாத்தாளுங்க."

ஏட்டையா எழுதினாரு. மொத எழுத்தை எழுதிப்போட்டுப் பேனாவை நிறுத்தினாரு. என்னையப் பாத்தாரு. "ஏம்மா, மரத்துல 'வ'ன்னுதான இருந்துச்சுங்கறே? உம் பேரும் 'வ'தானம்மா?"

சத்தியமாச் சொல்றனுங்க, எனக்கு அது தோணவே இல்லை. அந்த எழுத்தைப் பாத்ததுல இருந்து வெட்டற வரைக்கும் ஒரு பகலு, ஒரு ராத்திரி. அத்தனை நேரத்துல ஒரு நிமிசம்கூட அது என்னுதா இருக்கும்னு நெனைக்கலை. வடக்குன்னு நெனைக்கலை, போவட்டும், அது குப்புராசு படிப்பு. ஆனா எனக்கும் அதே எழுத்துத்தான்னு எனக்கே மறந்துபோச்சுங்களே! அந்தூட்டுல 'வ'ன்னா வடிவுதான்னு ஊருக்கு முன்னால நானே முடிவு பண்ணி வெச்சிருக்கறேன். அங்கயே சொவுத்துல சாஞ்சுக்கிட்டு அழுதேன். வெரலு உளுந்ததுக்குக்கூட அழுகலை, இதுக்கு அழுதேன். புருசனை வெட்டிப்போட்டமேன்னு அழுவறான்னு நெனச்சுக்கிட்டு ஒரு பொம்பளைப் போலீசு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.

புதங்கெளமை ஏட்டையா ஆஸ்பத்திரிக்குப் போயி அவருகிட்ட எழுதி வாங்கிட்டு வந்தாரு. வரும்போதே சிரிச்சுக்கிட்டு வர்றாரு. "எந்திரிச்சு ஊட்டுக்குப் போம்மா"ங்கறாரு. ஏனுங்கன்னேன். "உம் புருசங்கிட்ட, வள்ளியாத்தாள் உங்களைக் கொடுவாள்ல வெட்டினாங்களான்னு கேட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? வள்ளியாத்தாளா, அப்படி ஆரையும் எனக்குத் தெரியாதுங்களே, கிரேன் பெல்ட்டுல கை மாட்டிக்கிச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. உன்னையே தெரியாதுங்கறாரு, ஆரு மேலம்மா நான் கேஸு எழுதறது?" ஸ்டேசனே சிரிக்குது. கொடுவாளையும் கையில குடுத்து அனுப்பிட்டாங்க.

அதுல இருந்து நான் தூங்கலீங்க. இன்னைக்கு நாலாம் நாளு. மரத்தை வெரலு போன அன்னைக்கே குப்புராசு குழியில எறக்கி, மிச்சமிருந்த பாதி 'வ'வை வடக்குப் பாக்க நிறுத்தி, மூங்கில் முட்டுக் குடுத்துட்டுப் போயிட்டான். எல பூராக் கொட்டிப்போச்சு. வெடியால நாலு, பொழுதோட நாலுன்னு நாந்தான் கொடம் கொடமா ஊத்தறேன். நான் வெட்டின வாயில சாணி அப்பி உட்டிருக்கறேன். அது என்ன பண்ணும் பாவம். நீங்க அப்படிப் பாக்காதீங்க, எனக்கொண்ணும் அது மேல பாசமில்லை. காஞ்சுபோச்சுன்னா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவாங்க.

எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்றாங்க. குப்புராசு சொல்றான், பக்கத்தூட்டுக்காரி சொல்றா, பல்லு போன நாத்தனாகூட ஆளுட்டுச் சொல்லியனுப்பினா. உன்னையக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாரு, தங்கமான மனுசன், காலைத் தொட்டுக் கும்புடுன்னு. காப்பாத்தத்தான்னு வெச்சுக்குவோம். கை மாட்டிக்கிச்சுன்னு சொன்னாப் பத்தாதா? அதோட நிறுத்த வேண்டியதுதான? வள்ளியாத்தாளா, அது ஆருன்னு கேக்கோணுமா? பொய்யாச் சொன்னாரா, நெசமாவே அவருக்குத் தெரியலையா? எனக்கே நாக்குல வராத பேரு அவருக்கு எப்படி வரும்? ஏட்டையா திடீர்னு கேட்டதும் ஆரு இந்தப் பொம்பளைன்னு நெசமாவே முழிச்சிருந்தா? சொல்லுங்க அம்மிணி, பத்தொம்பது வருசம் பொங்கிப் போட்டு, கடைசியில வெட்டியும் போட்டு, அந்தாளுக்கு என்ற பேரு தெரியலைன்னா நான் எதுக்கு இருந்தேன் அந்தூட்டுல?

அதைக் கேக்கத்தான் போயிட்டிருக்கறேன். பல்லடம் தாண்டிருச்சுங்களா? இனி ஒரு மணி நேரம் இருக்குமா?

ரசமும் சோறும் கட்டிக் கொண்டுபோறேன். கட்டில் ஓரமா உக்காந்து, ஒடம்பு எப்படீன்னு கேக்க மாட்டேன், மரம் எப்படி நிக்குதுன்னு சொல்ல மாட்டேன். "என்ற பேரு என்ன, சொல்லுங்க பாக்கலாம்." அவ்வளவுதான். இந்தா புள்ளைங்கறது, ஊத்துப்பாளையம்ங்கறது ஒண்ணும் செல்லாது. சொல்லிட்டாருன்னா சோத்தைப் பெசஞ்சு என்ற கையால ஊட்டி உடுவேன், ஆயுசுக்கும் ஊட்டுவேன்.

கொடுவாளெல்லாம் கொண்டுவரலீங்க, பையைப் பாக்காதீங்க. ஆஸ்பத்திரியில கத்திரிக்கோலுக்கா பஞ்சம். சொல்லலைன்னா, வலக்கை நல்லாத்தானுங்களே இருக்குது அவருக்கு.